பலா மரத்தில் பெய்த மழை

அன்பு மகள் அனகாவுக்கு, அமரவிளையிலிருந்து அப்பா ஈமெயிலில் எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், என் வலது காது மட்டும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இரைந்துகொண்டே இருக்கிறது. டொராண்டோ குளிரில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம்.

போன லீவில் இங்கே பதிவுசெய்த சத்தங்களையெல்லாம் உன் ஒலிப்பதிவுப் படிப்புக்காகக் கலந்து நீ அனுப்பியது வந்து சேர்ந்தது. நடுவில் உட்கார்ந்து கேட்டால் பஸ் முன்னாலும் மழை தலைக்கு மேலும் வரவேண்டும், கேட்கிறவர் தலை தானாகத் திரும்பவில்லையென்றால் வாத்தியார் பெயிலாக்கிவிடுவார், வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கவேண்டும், அதனால் கேட்டுவிட்டு உண்மையைச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். ஐந்து ஸ்பீக்கருக்கு நான் எங்கே போவேன், மைக் செட் தங்கப்பனைத்தான் கூப்பிட்டேன். நீ எழுதினபடியே முற்றத்தில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு வைத்து, மேலே வரவேண்டியதைப் பலா மரத்தில் கட்டினார். ஆனால் முப்பது வருடம் கோயில் உற்சவத்துக்குக் கட்டிய கை அல்லவா, ஐந்தையும் ஊரைப் பார்க்கத் திருப்பிவிட்டார். கேட்டதற்கு, "பெட்டிய வீட்டப் பாத்து வெச்சா ஆருக்குக் கேக்கும்? நாட்டுக்குக் கேக்கணும், அதாக்கும் சவுண்டு" என்று என்னையே அதட்டினார். சத்தத்தையும் உற்சவக் கணக்கில்தான் வைத்தார்.

நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்த எனக்கு எது எங்கே என்று ஒன்றும் புரியவில்லை, உன் பரீட்சை போயிற்று என்றே நினைத்தேன். பார்த்தால், கொளுத்துகிற வெயிலில் பக்கத்து வீட்டு சிவதாணு "மழ வருது" என்று அலறி காயப்போட்டிருந்த ரப்பர் ஷீட்டையெல்லாம் வாரிக்கொண்டு ஓடுகிறார், ஓடுகிறவர் பலா மரத்தையே அண்ணாந்து பார்க்கிறார். எதிர்வீட்டு ஸ்வப்னா டீச்சர் பஸ் சத்தம் கேட்டு ஒற்றைச் செருப்போடு பஸ் பிடிக்க ரோட்டுக்குப் பாய்ந்தார், ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பள்ளிக்கூடமே கிடையாது. கடைசியில் பின்னால் அடுக்களைப் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து "அம்மா, நான் வந்தாச்சு" என்று உன் குரல். நீ இந்த விஷுவுக்கும் வரமாட்டாய் என்று ஒரு வாரமாக முகத்தைத் தூக்கிவைத்திருந்த உன் அம்மா, கரண்டியும் கையுமாக அடுக்களைக் கதவைத் திறந்து, "கால கழுவிட்டு ஏறு மக்கா" என்றாள். எனக்கும் தங்கப்பனுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. அவள் சிரிக்கவில்லை, காலி வாசலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பிள்ளை நன்றாகத்தான் படித்திருக்கிறாள் என்று மட்டும் சொன்னாள்.

ஆகவே பயப்படாமல் கொண்டுபோய்க் கொடு. தலைக்கு எண்ணெய் வை, ஹெட்போனை மாட்டியபடி தூங்காதே. நீ நினைத்தது நடக்கும், எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் உண்டு. ஒன்றை மறக்காதே, அடுக்களைப் பக்கத்து ஸ்பீக்கரைக் கழற்ற அம்மா இன்னும் விடவில்லை. நீ வந்து அந்த வாசலில் நின்றால்தான் எடுக்கலாமாம், அதுவரை தங்கப்பன் உற்சவத்துக்கு ஒரு ஸ்பீக்கர் குறைவாகத்தான் போகவேண்டும்.

ஒற்றைக் காதோடு உன்னை எதிர்பார்த்திருக்கும்
அப்பா மோகனன்