நாலு ரெம்மும் சந்தனப் பொட்டும்

ஒக்டோபர் 3, வெள்ளி

வாங்க கொப்பி ஐயா. சுகம்தானே? வீட்டில் எல்லாரும் நலமா? காலையில்தான் கடையில் வாங்கிய கொப்பிக்கு வீடு ஏது என்று கேட்காதீர்கள். கேட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும், அதுதான் மரியாதை.

உங்களை வாங்கச் சொன்னது அக்குறணை ரிஸ்மி நானா. கொம்பியூட்டர் திருத்துகிற மனுசன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், ஆனாலும் நான் அவரை நானா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். யார் மூத்தவர் என்பது இன்றுவரை முடிவாகவில்லை. போனில் சொன்னார்: "அண்ணே, ஒரு கொப்பி எடுங்க. திகதி போட்டு, என்ன செஞ்ச, என்ன நடந்தன்னு மட்டும் எழுதுங்க. ஒரு நாளைக்கு ஒரு மாத்தம்தான். ரெண்ட ஒண்டா மாத்தினா எதால சரி வந்தன்னு அல்லாவுக்குத்தான் விளங்கும். கத எழுத வாணாம்."

சரி. கதை இல்லை.

நான் கடுகண்ணாவையில் கல்யாண வீடியோ எடுக்கிறவன். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. முதலில் லைட் பிடித்தேன், பிறகு கமரா பிடித்தேன், பிறகு கலாராணியைப் பிடித்தேன். அவளைப் பிடித்தது நானில்லை, அவள்தான் என்னைப் பிடித்தாள் என்பாள். அது ஒரு தனிக் கதை, பேராதனைப் பாலத்தில் பஸ் நின்றுபோன நாள்... வேண்டாம்.

என் கொம்பியூட்டரில் மெமரி பட்டைகள் நாலு. கடைக்காரர்கள் ரெம் என்பார்கள். ரெண்டு முந்தியே இருந்தது, ரெண்டு போன மாதம் கண்டியில் வாங்கிப் போட்டேன். ரெண்டு வாரம் குதிரை மாதிரி ஓடியது. நேற்றிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருதரம் நீலத் திரை. இல்லாவிட்டால் மாப்பிள்ளையின் முகத்தில் பச்சைப் பச்சையாகக் கட்டம் விழுகிறது. மாப்பிள்ளை ஏற்கனவே அழகன் இல்லை.

மாப்பிள்ளை என்றால் கிருஷாந்தியின் மாப்பிள்ளை. ஓகஸ்டில் கல்யாணம். பெண்ணின் அம்மா யசோதா குவைத்தில் வீட்டு வேலை. கல்யாணச் செலவு முழுக்க அவளுடையது, ஆனால் லீவு கிடைக்கவில்லை. போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். தாலி கட்டுகிற நேரம் பார்த்து லைன் போய்விட்டது. பத்து வருசம் ஊரான் வீட்டுத் தரை துடைத்து, கடைசியில் மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்கவில்லை. தீபாவளிக்குப் பத்து நாள் வருகிறாள். பதினேழில் வந்து இருபத்தேழில் போகிறாள். அதற்குள் வீடியோ வேண்டும். நாலு கமராவில் எடுத்ததை மூன்றில் ஒரு பங்குதான் வெட்டி ஒட்டியிருக்கிறேன்.

ரிஸ்மி நானா கேட்டார்: "யாரும் மெஷின தொறந்த, ரெம்ம கழட்டினயா?"

"இல்ல நானா, யாரு தொடப் போறா" என்றேன்.

ஒக்டோபர் 4, சனி

கொப்பி ஐயா, உங்களிடம் ஒன்று. இந்தப் பக்கத்தைப் பிறகு கிழித்துவிடுவேன்.

முதலாம் திகதி ஆயுத பூசை. கடையிலுள்ள எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். கமரா, லைட், கத்தரிக்கோல், கலாராணியின் தேங்காய் திருவலை. கொம்பியூட்டர் பெட்டிக்கு வெளியே பொட்டு வைத்தால் போதாதா? போதும். மற்ற வருசமெல்லாம் போதுமாயிருந்தது. இந்த வருசம் எனக்குப் பக்தி கூடிவிட்டது. வேலை செய்வது உள்ளே இருக்கிறவன், தகரத்துக்கு ஏன் மரியாதை என்று யோசித்தேன். பக்கத்து மூடியைக் கழற்றினேன். நாலு ரெம்மையும் பிடுங்கி, வாழை இலையில் வரிசையாகப் படுக்க வைத்து, ஒவ்வொன்றின் நெஞ்சிலும் சந்தனம், நடுவில் குங்குமம். நாலு கறுப்புப் பிள்ளைகள் திருநாளுக்குப் புறப்பட்ட மாதிரி அழகாக இருந்தார்கள். தீபம் காட்டி, திரும்பச் செருகினேன்.

அடுத்த நாள் இந்தக் கூத்து.

இதை ஒரு முஸ்லிம் மனுசரிடம் எப்படிச் சொல்வது? சிரிப்பார். சிரிக்காவிட்டால் அதைவிட வெட்கம்.

கலாராணி கேட்டாள்: "அந்த அக்காவுக்கு வெட்டாத வீடியோவையே குடுத்துட்டா என்ன?"

"வெட்டாத வீடியோ குடுக்கிறது, உயிரோட கோழிய எலையில வைக்கிற மாதிரி."

"பசிச்சவ அதையும் தின்னுவா."

ஒக்டோபர் 6, திங்கள்

போயா, பௌர்ணமி லீவு. கடைத்தெருவே தூங்குகிறது. மெஷின் மட்டும் விழுந்து விழுந்து எழும்புகிறது, வெறிகாரன் மாதிரி.

ஒக்டோபர் 7, செவ்வாய்

ரிஸ்மி நானா வந்தார். பென் டிரைவ் ஒன்றில் மெமரி சோதிக்கிற வித்தை கொண்டுவந்திருந்தார். மூடியைத் திறந்து உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தார். ரெம்களின் உச்சியில் குங்குமம் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. பார்த்தார். என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். நானும் கூரையைப் பார்த்தேன். அங்கே பல்லி ஒன்று இருந்தது. ரெண்டு பேரும் அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம்.

எப்படிப் பிடுங்கிச் செருகுவது என்று தள்ளி நின்று வாயாலேயே சொல்லித் தந்தார். எனக்கு அது தெரியாத மாதிரி நடித்தேன். "மெதுவா அண்ணே... ஆ, கெட்டிக்காரன்!" என்றார்.

வேலை இதுதான். நாலுக்கும் ஒன்று, ரெண்டு, மூன்று, நாலு என்று பேப்பர் ஒட்டி, தினம் ஒன்றை மட்டும் போட்டுச் சோதிக்க வேண்டும். ஒன்றுக்கு ஆறு மணி நேரம். கெட்டது எதுவோ அது சிவப்பாகக் காட்டும்.

"ரெண்ட மட்டும் போட்டு வேலைய முடிக்க ஏலாதா?" என்று கேட்டார். அதையும் பார்த்தேன். நாலு கமராவைத் திறந்ததும் மெஷின் கடுகண்ணாவை ஏற்றத்தில் நெல்லு லொறி மாதிரி முனகி, பாதியில் நின்றுவிட்டது.

ஒக்டோபர் 8, புதன்

ஒன்றாம் நம்பர். பிழை இல்லை.

ஒக்டோபர் 9, வியாழன்

ரெண்டாம் நம்பர். ஐந்தரை மணி நேரத்தில் கரண்ட் போனது. திரும்ப முதலிலிருந்து. பிழை இல்லை.

ஒக்டோபர் 10, வெள்ளி

மூன்று. அதுவும் உத்தமன்.

ஒக்டோபர் 11, சனி

நாலாம் நம்பர்தான் திருடன் என்று காலையிலிருந்தே அதை முறைத்துக்கொண்டிருந்தேன். கலாராணி வந்து, "ஏன் அத மொறைக்கிறீங்க, என் அண்ணன்மாரப் பாக்கிற மாதிரி" என்றாள்.

பிழை இல்லை.

அவள் சொன்னதும் சரிதான். எனக்கு மச்சான்மார் நாலு பேர். தனித்தனியாக வந்தால் தங்கம். நாலு பேரும் சேர்ந்து வந்தால் கதிரை உடையும், கோழி காணாமல் போகும், பொலிஸ் வரும். ஒருமுறை மூத்தவரின் கல்யாணத்தில்... ரிஸ்மி நானா இதை வாசிப்பார். வேண்டாம்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

நாலையும் நம்பர் வரிசைப்படி, இருந்த இடத்திலேயே பத்திரமாகப் போட்டேன். இருபது நிமிடத்தில் திரை முழுக்கச் சிவப்பு. இருநூற்றுக்கு மேல் எண்ணிவிட்டு விட்டேன்.

நானாவுக்குப் போன் பண்ணினேன். "ரெம் செருகுற போர்ட் பழுதா இரிக்கும் அண்ணே. கொழும்புல இருந்து எடுக்கணும். ரெண்டு கெழம போகும்" என்றார்.

ரெண்டு கிழமை என்றால் இருபத்தாறு. போர்ட் வந்து, மாட்டி, நான் வெட்டி முடிக்கிறபோது அந்த மனுசி பிளேனில் இருப்பாள். என்னய்யா செய்யிறது? எதுக்குய்யா எனக்கு அன்னைக்கு அவ்வளவு பக்தி?

ஒக்டோபர் 13, திங்கள்

நானா போனில் சொல்லச் சொல்ல ரெம்மின் வேகத்தைக் குறைத்தேன். அந்த ஒரு மாற்றம் மட்டும். முந்திப் பத்து நிமிடத்தில் விழுந்தது இப்போது ஒன்றரை மணி நேரம் கழித்து விழுகிறது. முன்னேற்றம். குடிகாரன் வாசலில் விழாமல் தெருமுனையில் விழுகிற மாதிரி.

ஒக்டோபர் 14, செவ்வாய்

குவைத்திலிருந்து குரல் செய்தி. நாலு முறை கேட்டேன்.

"வீரய்யாண்ணே, யசோதா பேசுறேன். பெட்டி கட்டியாச்சு. உங்களுக்கு ஒரு சென்ட் போத்தல் இருக்கு, அண்ணிக்கு ஒரு போர்வ. வீடியோ முடிஞ்சிச்சான்னு கேக்க மாட்டேன், முடிச்சிருப்பீங்க. முடியலன்னா போர்வையும் இல்ல, சென்டும் இல்ல, நானே கடைக்கு வந்து குந்திருவேன். சிரிப்புக்குச் சொல்றேண்ணே. அந்த ஒரு இடம் மட்டும் பாத்தாப் போதும் எனக்கு."

கலாராணிக்கும் கேட்டுவிட்டது. போர்வை என்றதும் அவளுக்கும் கொம்பியூட்டர் மேல் அக்கறை வந்துவிட்டது.

ஒக்டோபர் 15, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், கதை இல்லாமல்.

போர்ட்டைக் கழற்றிக்கொண்டு போக ரிஸ்மி நானா வந்தார். ரெம்களை இந்த முறை அவரே பிடுங்கினார். முதலாவதைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார். சந்தனம் காய்ந்து, பட்டையின் நட்ட நடுவில், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு.

"அண்ணே."

"சொல்லுங்க நானா."

"நாலும் ஒட்டிக்கொண்டு நிக்கிற. நடுவுக்கு வெரல் போகாது. கழட்டாம எப்பிடி இதுக்குப் பொட்டு வெச்ச?"

பல்லியைத் தேடினேன். பாவி, அன்றைக்குக் கூரையில் இருந்தது, இன்றைக்குக் காணவில்லை.

சொல்லிவிட்டேன். வாழை இலை, தீபம் எல்லாம்.

அவர் சிரிக்கவில்லை. "திரும்பப் போடேக்க வரிசையாப் போட்டீங்களா?" என்றார்.

"வரிசையா? நாலும் ஒரே கறுப்பு நானா. கைக்கு வந்தத கைக்கு வந்த ஓட்டையில..."

"யா அல்லாஹ்! ரெண்டு பழசு, ரெண்டு புதுசு. ஜோடி ஜோடியா, ஒண்டு விட்டு ஒண்டுல இரிக்கணும். இல்லாட்டி தனியா நல்லா இரிக்கும், சேர்த்தா சண்ட புடிக்கும். ஸ்டிக்கர்ல நம்பர் இரிக்கும், பாத்தாத் தெரியும்."

பார்த்தோம். ஸ்டிக்கர் இருந்தது. நம்பர் சந்தனத்துக்கு அடியில் இருந்தது.

அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "தொடைங்க" என்றேன். "நான் எப்பிடித் தொடைக்கிற, உங்கட சாமி விசயம். முதல் நாளே கண்ட. தொடைக்கச் சொன்னா மனசு நோகும்னுதான் பேசாம இருந்த. நீங்க தொடைங்க" என்றார். பூசையில் வைத்த பொட்டை நாமாக அழிப்பதா? தானாக உதிர வேண்டும். எங்கள் அப்பா மண்வெட்டிக்கு வைத்த பொட்டைக்கூட அழித்ததில்லை, அதற்காக ரெண்டு நாள் வேலைக்கே போகமாட்டார். அவர் போகாததற்குப் பொட்டு மட்டுமா காரணம் என்பது வேறு விசயம்.

இப்படி ரெண்டு பெரிய மனுசர்கள், ஆளுக்கு ரெண்டு ரெம்மைக் கையில் வைத்துக்கொண்டு, மாறி மாறி மரியாதை செய்துகொண்டு நின்றோம்.

தேத்தண்ணி கொண்டுவந்த கலாராணி கதையைக் கேட்டாள். தட்டை வைத்தாள். நாலையும் பிடுங்கி மடியில் போட்டு, முந்தானையால் ஒவ்வொன்றாகத் தேய்த்தாள்.

"ஏய், பாவம் புள்ள!"

"பொட்டு நெத்தியில வைக்கிறது. இதுக்கு நெத்தி எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம். ஒரு பொம்பள தாலி பாக்கணும்னு கடல் தாண்டி வாறா, இவுங்க ரெண்டு பேரும் சாமிக்கு வெக்கப்பட்டுக்கிட்டு நிக்கிறாங்க. நானா, தேத்தண்ணி ஆறுது."

நம்பர் தெரிந்தது. பழசு ரெண்டும் பக்கத்தில் பக்கத்தில், புதுசு ரெண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன. அதே தப்பான வரிசையைத்தான் நான் பேப்பர் ஒட்டி, இத்தனை நாள் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வந்திருக்கிறேன்.

நானா துணியால் ரெம்களின் மஞ்சள் காலெல்லாம் துடைத்து, பழசு, புதுசு, பழசு, புதுசு என்று செருகினார். சோதனையைப் போட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனார். போகும்போது கதவடியில் நின்று ஒருதரம் சத்தமாகச் சிரித்தார். எட்டு நாளாக அடக்கி வைத்திருப்பார் போல.

ஒக்டோபர் 16, வியாழன்

நாலும் சேர்ந்து. பிழை இல்லை. வேகத்தைக் கூட்டி மறுபடி போட்டேன். பிழை இல்லை.

ஒக்டோபர் 18, சனி

ரெண்டு நாளாக வெட்டுகிறேன், ஒட்டுகிறேன். கலாராணி சோற்றைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறாள், திரும்ப எடுத்துக்கொண்டு போகிறாள். மெஷின் ஒருதரம்கூட விழவில்லை. நேற்று யசோதா வந்து இறங்கிவிட்டாளாம்.

முடிந்தது.

ஒக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. பெரிய டீவியில் எல்லாரோடும் சேர்ந்து பார்க்கலாம், வீட்டுக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருந்தேன். கேட்டால்தானே. காலையிலேயே போர்வையும் சென்டுமாக வந்து, என் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள். வாய் மட்டும் மெலியவில்லை.

தாலி கட்டுகிற இடத்தைப் போட்டேன். பூ தூவி, மெதுவாக ஓட விட்டு, நாதஸ்வரம் போட்டு, என் கைவண்ணம் முழுக்க அதில்தான். பார்த்தாள். "நல்லா இருக்குண்ணே" என்றாள். கோயில் பொங்கலை நல்லா இருக்கு என்பது மாதிரி.

கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்: "போன்ல நான் எந்த நேரம் கட்டானேன்? அது தெரியுமா?"

எனக்குத் தெரியாது. நாலு கமராவையும் ஒரே நேரத்தில் திறந்து, அந்த நிமிடத்தைத் தேடினேன். மூன்று கமராவிலும் மாப்பிள்ளையும் தாலியும். நாலாவது ஓரத்தில் வைத்தது. பெண் வேறெங்கோ பார்க்கிறாள் என்று அதை முழுக்க வெட்டி எறிந்திருந்தேன். கெட்டிமேளம் கேட்கிறது, மாப்பிள்ளை மூன்று முடிச்சோடு போராடுகிறான். கிருஷாந்தி அவனைப் பார்க்கவில்லை. தம்பி பிடித்திருக்கிற போனைப் பார்க்கிறாள். போனில் ஒன்றும் இல்லை, கறுப்பு. அவள் உதட்டை அசைத்து, "அம்மா, கேக்குதா" என்கிறாள்.

யசோதா கதிரையைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். பிறகு, "கழுதை, மாப்பிள்ளையப் பாக்காம போனப் பாக்குறா பாரு" என்றாள். "இத வெட்டாதீங்கண்ணே. நாளைக்கு இதுவும் வரணும்."

கலாராணி அடுப்படிக்குப் போய்விட்டாள். பால் பொங்குகிறதாம். எங்கள் வீட்டில் இன்றைக்குப் பால் வாங்கவேயில்லை.

நான் ஒட்டிக்கொடுத்துவிட்டு இங்கே மேசை ஓரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆறாவது முறையாகப் பார்க்கிறாள். நாலு கமராவும் திறந்தபடி, நாலு மணி நேரம், மெஷின் மூச்சுக்கூட வாங்கவில்லை. ரிஸ்மி நானா, எழுதிக்கொள்ளுங்கள்.

முடிச்சோடு போராடுகிற இந்தப் பையனைப் பார்க்கும்போது கம்பளையில் ஒரு மாப்பிள்ளை ஞாபகம் வருகிறான். தொண்ணூற்று ஆறோ ஏழோ. நான் அப்போது லைட் பிடிக்கிறேன். ஐயர் தாலியை எடுத்து அவன் கையில் கொடுத்தார், கொடுத்ததும் அவன்...

"வீரய்யாண்ணே! நின்னுருச்சு, வந்து திரும்பப் போடுங்க!"

நிற்கவில்லை, முடிந்துதான் போயிருக்கும். இந்தா வாறேன். அந்த மாப்பிள்ளை என்ன செய்தான் என்றால், தாலியை வாங்கி, நேராக எழும்பி... திரும்பக் கூப்பிடுகிறாள். மீதி பிறகு.