பதினாறு மில்லிமீட்டர்

மார்ச் 3

இல்லை, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மனச்சோர்வு மாத்திரையைக் கிருமிக்குக் கொடுத்துப் பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. வேறு நோய்க்குச் செய்த மருந்து கிருமியையும் கொல்லுமா — இந்த ஒரு கேள்விக்கு இரண்டு வருடம். அம்மா தினமும் விழுங்குகிற அதே மாத்திரை.

போனில் சொன்னேன்.

“கிருமிக்கு என்னடி மனக்கவலை? அதுக்கும் கல்யாண வயசுல ஒரு பொண்ணு இருக்கா?”

மார்ச் 5

வளையம்! கிருமி படர்ந்த தட்டில், மருந்தில் நனைத்த காகித வட்டைச் சுற்றி எதுவுமே வளராத தெளிந்த இடம். பதினாறு மில்லிமீட்டர். மூன்று முறை அளந்தேன். மூன்றாவது முறை ஆசைக்கு.

பதின்மூன்றாம் தேதி என் வேலையைப் பார்க்க ஆய்வுக்குழு கூடுகிறது. எதுவும் தேறாவிட்டால் தலைப்பையே மாற்றச் சொல்வார்கள். இரண்டு வருடமும் போச்சு. இப்போது தேறிவிட்டது. பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். அம்மாவிடமும்.

மார்ச் 6

அம்மா அத்தையிடம் சொல்லியிருக்கிறாள். அத்தை, தொண்டைவலிக்கு ஒரு மாத்திரை கொடு என்று கேட்டாளாம்.

“கொடுத்துட்டியா?”

“கொடுப்பேனா? என் நிம்மதியில அவளுக்கு என்ன பங்கு?”

நாத்தனார் சண்டையை இன்றுதான் முதல்முறையாக வாழ்த்தினேன்.

மார்ச் 9

ஆய்வகத்தில் எனக்கு மூத்தவள் ஒருத்தி. எதையும் நம்பமாட்டாள். ‘அப்படியா அக்கா’ என்று பெயர் வைத்திருக்கிறோம். தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“அப்படியா? மருந்தே இல்லாத வட்டு எங்க?”

“அது... வைக்கலக்கா.”

“மருந்தை ஆல்கஹால்லதானே கரைச்ச? வட்டு காயுற வரைக்கும் காத்திருந்தியா?”

“நோட்டால விசிறினேன்.”

“அப்ப உன் கிருமி குடிச்சே செத்திருக்கும், போ.”

சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போயிட்டா. நான் ஏன் விசிறினேன்? அரை மணி நேரம் சும்மா உட்கார முடியாதா என்னால?

மார்ச் 10

எல்லாம் மறுபடி போட்டேன்.

மார்ச் 11

ஈரமாக வைத்த வெறும் ஆல்கஹால் வட்டு: பதினொன்று.
காய்ந்த வெறும் வட்டு: வளையமே இல்லை.
காய்ந்த மருந்து வட்டு: பன்னிரண்டு.

ஆக, மருந்தும் கொல்கிறது. கொஞ்சமாக. அதுவும் அம்மாவின் ரத்தத்தில் ஒருநாளும் சேராத அளவுக்குக் கொட்டினால்.

பதினாறு என்றே சொல்லிவிடலாமா? பழைய தட்டு இருக்கிறதே. யாருக்குத் தெரியும்?

எனக்குத் தெரியும் — என்று எழுத ஆசை. உண்மையில் அப்படியா அக்காவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

மார்ச் 13

இரண்டு தட்டுகளையும் மேசைமேல் வைத்தேன். விசிறியதையும் சொன்னேன். பேராசிரியர் கூரையைப் பார்த்தார். குழுவில் மூத்தவர் மட்டும், “எவ்வளவு நேரம் விசிறினம்மா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தலைப்பு இருக்கட்டும், ஆறு மாதத்தில் மறுபடி வா என்றார்கள்.

அம்மாவைக் கூப்பிட்டேன்.

“பதினாறு இல்லம்மா. பன்னிரண்டுதான்.”

“பாஸ் மார்க் எவ்வளவு?”

“அத்தைக்கு மட்டும் கொடுத்துடாத.”

“அவ தொண்டை தானா சரியாயிடுச்சு. காலையில இருந்து பேசிக்கிட்டே இருக்கா. எனக்குத்தான் இன்னிக்கு ரெண்டு மாத்திரை வேணும்போல.”

“ஒண்ணுதான்மா!”

ஆய்வகத்துக்குத் திரும்பினேன். புது வட்டுகளை நனைத்துப் பரப்பினேன். நோட்டை எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.