சட்டைப் பையில் போன ரத்தம்

என் அன்புக்குரியவருக்கு,

இங்கே நாங்கள் நலம். நீங்கள் நலமாக இருப்பதைக் கப்பலில் உங்களோடு வேலை செய்பவரின் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். போனை எடுப்பதில்லை என்று சபதம் போலிருக்கிறது. இந்தக் கடிதமாவது அடுத்த துறைமுகத்தில் உங்கள் கையில் சேரும் என்று கப்பல் கம்பெனி அலுவலகத்தில் சொன்னார்கள். எனக்குக் கோபம்தான், மறைக்கவில்லை.

முதலில் நல்ல சேதி. நம் வாயாடி மகளுக்கு நோய் திரும்பவில்லை. பரிசோதனைதான் தவறு.

அன்று டாக்டர், ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் புரதங்கள் குறைந்துவிட்டன என்றதும், உங்கள் அக்காவைக் கொண்டுபோன நோய் மகளையும் விடாது என்று முடிவுகட்டி, விடுப்பு முடியும் முன்பே கப்பலேறிவிட்டீர்கள். மீதியை நான்தான் கேட்டேன். அந்தப் புரதங்கள் ரத்தத்தில் திரியும் காவலாளிகளாம். கிருமி நுழைந்தால் ஒன்றையொன்று தட்டி எழுப்புமாம். அப்போது உடைந்து சிதறும் துண்டுகள் வெள்ளையணுக்களின் மேலுள்ள ஏற்பிகளில் போய் ஒட்ட, அந்த அணுக்கள் கூட்டமாக ஓடிவருமாம். அந்த இடம் வீங்கிச் சிவப்பது அதனால்தான். இந்த நோயில் அதே படை சொந்தச் சிறுநீரகத்தையே தாக்குகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை. தாக்கித் தாக்கியே புரதங்கள் தீர்ந்துபோகின்றன, அளவு குறைகிறது.

மருந்தைக் கூட்டுவதற்கு முன் ரத்தத்தை மறுபடி பரிசோதிக்கச் சொன்னார் டாக்டர். ஆய்வகத்தில் இருந்த அம்மாள், போன தடவை வெளியே எடுத்த ரத்தத்தை இங்கே எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். அந்தக் கண்ணாடிக் குழாயைச் சட்டைப் பையில் வைத்து, பஸ் நெரிசலில் வழியெல்லாம் கையால் பொத்திக்கொண்டு வந்தீர்களே, அதைச் சொன்னேன். "குழந்தையோட ரத்தம், சில்லுன்னு ஆயிடக் கூடாது" என்று நீங்கள் சொன்னதையும் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டியதாம். அந்த நெரிசலில் உங்கள் நெஞ்சுச் சூட்டிலேயே புரதம் வீணாகிவிட்டது. இந்த முறை அங்கேயே ரத்தம் எடுத்தார்கள். அளவு சரியாக இருக்கிறது. சிறுநீரும் சுத்தம். பழைய மருந்தே போதுமாம்.

சிரித்தேன், பிறகு அழுதேன்.

நேற்று அவள், "அப்பாவுக்கு என்னைப் பாத்தா பயமாம்மா?" என்று கேட்டாள். அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். அவள் உங்கள் அக்கா இல்லை. நோய் ஒருநாள் திரும்பினாலும் திரும்பலாம். அன்றைக்கும் அவளுக்கு அப்பா வேண்டும்.

கடல் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். அந்தக் கண்ணாடிக் குழாய்க்குக் கொடுத்த சூட்டில் கொஞ்சம் மிச்சமிருந்தால், சீக்கிரம் வந்து அவளுக்குக் கொடுங்கள்.

வாசலைப் பார்த்தபடி,
உங்கள் மனைவி