நான் சொன்ன 'சில்லி'

அன்பு மகளே,

அகராதி அலுவலகத்தில் இந்த வாரம் என் பங்குக்கு வந்த ஆங்கிலச் சொல் 'சில்லி'. மிளகாய் இல்லை, அசட்டுத்தனத்தைச் சொல்லும் சில்லி.

வேரைத் தேடிப் போனால், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அதற்குப் 'பேறு பெற்ற' என்று பொருள். ஜெர்மன் மொழியில் அதன் உடன்பிறப்பு இன்றும் அந்தப் பொருளோடுதான் இருக்கிறது. ஆங்கிலத்தில்தான் 'கள்ளமற்ற', 'பரிதாபமான' என்று படிப்படியாகத் தேய்ந்து, கடைசியில் அசடாகிவிட்டது.

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். "இனிமே வீட்ல தைரியமா சில்லின்னு கூப்பிடலாம் போலிருக்கே சார்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பார்வை மங்கிக்கொண்டிருந்தவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, "இவரைத்தாம்பா கட்டிக்கப் போறேன்" என்று நீ நின்ற அன்று, "சில்லியா பேசாத" என்றேன், அவர் காதுபடவே. நீ செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு கிளம்பிவிட்டாய். நாலு வருஷம் ஆகிறது.

பழைய பொருளில்தான் சொன்னேன் என்று இந்தக் கடிதத்தில் ஒரு வரி எழுதினேன். அடித்துவிட்டேன். அசடு என்றுதான் சொன்னேன். தப்பு என்னுடையது.

பேத்தி நடக்கிறாளாம், அம்மா சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? மாப்பிள்ளையையும் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்.

அப்பா