பெரிய ‘ற’

பிப்ரவரி 9

அன்புள்ள என்னங்க,

நலம். மகளும் நலம். பரீட்சை முடிந்து நாலு நாளாகக் குப்புறப் படுத்துக் கிடக்கிறாள். அங்கே அலை எப்படி, அடுப்பு எப்படி? அந்தக் கிரேன்காரர் இன்னும் மூன்று பேர் சாப்பாட்டைத் தனியாளாகச் சாப்பிடுகிறாரா? போனில் பேசினால் உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் நம் வீட்டுக் கதை தெரிந்துவிடுகிறது. நடுக்கடலில், எண்ணெய்க் கிணற்று மேடையில் சமைக்கிற மனுஷனைக் கட்டிக்கொண்டவள் கடிதம் எழுதித்தான் ஆக வேண்டும்.

விஷயம் இதுதான். பள்ளி வேன் ஓட்டுபவர்களுக்கு வருடா வருடம் நடக்கும் உடம்புப் பரிசோதனைக்குப் போனேன். சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருக்கிறதாம். டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சீட்ல உட்கார்ந்தா ஸ்டீரிங் வயித்துல இடிக்குதாம்மா?” என்று கேட்டார். “சில நாள் ஹாரனே வயிறுதான் அடிக்குது டாக்டர்,” என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு மாதம் நான் வண்டி ஓட்டக் கூடாது. கதவுப் பக்கம் உட்கார்ந்து பிள்ளைகளை ஏற்றி இறக்கலாம். அதன்பின் ஆகஸ்ட் வரை ஓட்டலாம். ஆகஸ்டில் மறுபடி பார்ப்பார். சர்க்கரையும் எடையும் இறங்காவிட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான். இத்தனை வருடம் ஓட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது. உங்களுக்கே தெரியும்.

அதனால் ஒரு குழுவில் சேர்ந்திருக்கிறேன். புதன்கிழமை சாயங்காலம், கண் ஆஸ்பத்திரி மூடிய பிறகு அங்கே நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் கூடுகிறோம். நடத்துவது ஒரு நர்ஸ். பட்டினி எல்லாம் கிடையாது. வெள்ளை ரொட்டி, கேக், சர்க்கரைத் தண்ணீர் எல்லாம் பள்ளி மணி அடித்ததும் முண்டியடித்து வண்டியில் ஏறும் பிள்ளைகள் மாதிரி, ரத்தத்தில் ஒரேயடியாக ஏறிவிடுமாம். பயறு, பீன்ஸ், பார்லி எல்லாம் வரிசையில் நின்று ஒவ்வொன்றாக ஏறுமாம். கிளைசெமிக் குறியீடு என்று அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. நாங்கள் ‘மெதுவான சாப்பாடு’ என்கிறோம்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. மாதா மாதம் சப்ளை படகில் வெண்ணெய் பிஸ்கட் டின் அனுப்புவீர்களே, அதை ஆகஸ்ட் வரை நிறுத்தி வையுங்கள்.

உங்கள்
பூசணி


பிப்ரவரி 27

அன்புள்ள பூசணிக்கு,

கடிதம் கிடைத்தது. டாக்டர் என்றால் நாலு குறை சொல்லத்தான் செய்வார், அதற்குத்தானே காசு வாங்குகிறார். அந்த உடம்பு என்ன சும்மா வந்ததா? கல்யாணத்தின்போது உன் மணிக்கட்டை நான் பிடித்தால் என் விரல் சுற்றிப் போய் மறுபடி ஆரம்பித்த இடத்துக்கே வரும். ஒவ்வொரு லீவிலும் கொஞ்சம் கொஞ்சமாக என் கைபட வளர்த்த உடம்பு அது. லீவு முடிந்து கிளம்பும்போது உன் முகம் பூசினாற்போல் இருந்தால்தான் எனக்குப் படகில் தூக்கம் வரும். அதைக் கண் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கரைப்பாளாம்.

வாரத்துக்கு ஒரு நாள் கூடி உட்கார்ந்து, சாப்பிடாததைப் பற்றிப் பேசுகிறீர்களாக்கும். நல்ல பொழுதுபோக்குதான். இங்கே நூற்றைம்பது பேர் சாப்பிட்டதைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார்கள். கிரேன்காரர் நேற்று கஞ்சிப் பாத்திரத்தையே கிரேனில் தூக்கிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டார்.

உன் கடிதம் வருவதற்குள் டின் படகேறிவிட்டது. ஒன்றிரண்டு தின்றால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. மகளைக் குப்புறப் படுக்க வேண்டாம் என்று சொல்.

வயிறாறச் சாப்பிடு.

உன்
கரண்டி


ஏப்ரல் 20

அன்புள்ள என்னங்க,

நல்ல செய்தி முதலில். போன மாதமே மறுபடி ஸ்டீரிங் பிடித்துவிட்டேன். முந்தாநாள் ஏறி உட்கார்ந்தால் கண்ணாடி, கியர் எல்லாம் தள்ளிப் போயிருந்த மாதிரி இருந்தது. யாரோ சீட்டை நகர்த்திவிட்டார்கள் என்று ஷெட்டில் ஒரு சத்தம் போட்டேன். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, “சீட்டு அங்கயேதான்க்கா இருக்கு, நீங்கதான் உள்ள போயிட்டீங்க,” என்றான். சீட்டை ஒரு பல் முன்னால் இழுத்து உட்கார்ந்தேன். இப்போது வயிற்றுக்கும் ஸ்டீரிங்குக்கும் நடுவே என் கையை விடலாம். மெதுவாகத்தான் இறங்குகிறது. ஒரு வாரம் அப்படியே நிற்கும், மறுவாரம் கொஞ்சம் குறையும். நர்ஸ், “அடிச்சுப் பிடிச்சு இறங்கினா திரும்பி வந்துடும். இப்படிப் போனா போனதுதான்,” என்கிறார்.

டின்னில் பாதியை ஷெட்டில் கொடுத்தேன். மீதியை மகளுக்காக மேல் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

குழுவில் வாட்ச் ரிப்பேர் செய்பவர் ஒருவர் இருக்கிறார். திடீரென்று போன் செய்வார். “பேக்கரி வாசல்ல நிக்கிறேன்மா, எதையாவது பேசுங்க,” என்பார். நான் எந்தச் சிக்னல் எத்தனை நேரம் நிற்கிறது, எந்தப் பிள்ளை வண்டியில் பல்லை விட்டுவிட்டுப் போனது என்று பேசிக்கொண்டே இருப்பேன். அதற்குள் அவர் கடையைத் தாண்டிவிடுவார். நீங்கள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். அவருக்கு வயது அறுபதுக்கு மேல், மூக்கால் பேசுவார்.

போன புதன்கிழமை நர்ஸ் ஒரு கேள்வி கேட்டார். வேண்டாம் என்று சொல்ல ரொம்பக் கஷ்டமானது எது? ஒருவர் கேக் என்றார், ஒருவர் சூடான ரொட்டி என்றார். நான், “எங்க வீட்டுக்காரர் லெட்டர்ல கடைசி வரி,” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சொன்னது உண்மை. உங்கள் கடிதம் வந்தால் கடைசி வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் படிக்கிறேன். படித்துவிட்டால் உங்களுக்காகவாவது இன்னொரு கவளம் இறங்கிவிடும்.

அதிலும் அது தப்பு. ‘வயிறார’வுக்குச் சின்ன ‘ர’ போட வேண்டும். நீங்கள் பெரிய ‘ற’ போடுகிறீர்கள், அதுதான் என் வயிறு இத்தனை வருடமாக நிறையவே இல்லை. மகள் பார்த்துவிட்டு அப்பாவுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறாள், எவ்வளவு என்று சொல்ல மாட்டேன்.

சாப்பிட்டதும் உட்காரக் கூடாது, கொஞ்சம் நடக்க வேண்டும். எல்லாரும் ஜோடி போட்டு நடக்கிறார்கள். நான் மகளைக் கூட்டிப்போனால் அவள் போனைப் பார்த்துக்கொண்டே மின்கம்பத்தில் முட்டுகிறாள்.

ஆகஸ்டில் ஒப்பந்தம் முடிந்து வரும்போது இந்தத் தடவை ஒன்றும் செய்து கொண்டுவர வேண்டாம். கையை வீசிக்கொண்டு வாருங்கள். என்னைப் பார்த்ததும் ‘இளைச்சுட்டியே’ என்று இழுக்காதீர்கள்.

உங்கள்
பூசணி

(பெயரை மாற்ற வேண்டுமா என்று நர்ஸிடம் கேட்டேன். பூசணிக்காயை அளவோடு சேர்த்துக்கொள்ளலாமாம்.)


மே 8

அன்புள்ள மனைவிக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது.

என் கடைசி வரியை ஊர் கூடிச் சிரித்த செய்தியும் கிடைத்தது. எட்டாவதோடு அடுப்படிக்கு வந்தவன் நான். எழுத்துப் பிழை இருக்கும்.

சொந்த வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டு வருகிறவனை என்னவென்று சொல்வார்கள் என்று உனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது சமையல் ஒன்றுதான். அதுவும் வேண்டாம் என்றால் அந்த வீட்டில் என் கைக்கு என்ன வேலை? கம்பெனியில் வருடக் கடைசி வரை நீட்டிக்கச் சொல்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இங்கேயாவது தட்டை நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மகளைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் கணவன்


மே 21

என்னங்க,

உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் பார்த்தேன். கடைசி வரியைக் காணோம். விரலால் மறைத்த வரிக்காக இப்படித் தேடுவேன் என்று நான் நினைக்கவில்லை.

அன்று சிரித்தது உங்களைப் பார்த்து இல்லை. சிரிப்பு அடங்கியதும் வாட்ச்காரர், “எனக்கு அப்படி எழுதறவ போய்ச் சேர்ந்துட்டா,” என்றார். அதை எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை.

நான் வேண்டாம் என்றது டின்னை. உங்களை இல்லை. லீவில் வருவீர்கள், பை நிறையச் சாமான், நேராக அடுப்படி. போகிற நாள் வரைக்கும் நான் உங்கள் முதுகைத்தான் பார்ப்பேன். சாப்பிட உட்கார்ந்தால் நீங்கள் என் தட்டைப் பார்ப்பீர்கள். என் முகத்தை எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வருடாந்திரப் பரிசோதனை என்று எழுதினேன் அல்லவா, அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. நானாகத்தான் டாக்டரிடம் போனேன். ஒரு நாள் காலையில் ஷெட்டில் வண்டியைக் கிளப்பினேன். பிரேக் மேல் கால் வைத்திருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். வண்டி அது பாட்டுக்கு நகர்ந்துபோய்ச் சுவரில் இடித்து நின்றது. குனிந்து பார்த்தால் கால் பிரேக்குக்குப் பக்கத்தில் தரையில் இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்துப் பார்த்தேன். பாதம் என்னுடையது இல்லாத மாதிரி இருந்தது. வண்டி காலி. அடுத்த அரைமணியில் அதில் பிள்ளைகள் ஏறியிருப்பார்கள்.

டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு மெல்லிய நைலான் இழை போன்ற ஒன்றால் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். சில இடங்களில் அவர் தொட்டதே எனக்குத் தெரியவில்லை. சர்க்கரை செய்த வேலை. ஒரு மாதம் கழித்துக் காலை மறுபடி சோதித்து, என்னைப் பிரேக்கை மிதிக்க வைத்துப் பார்த்த பிறகுதான் சாவியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். இதற்காகத்தான் பார்லியும் பீன்ஸும். அழகுக்காக இல்லை.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் பதறிப்போய் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். இன்னும் பெரிய டின்னாக அனுப்புவீர்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று அலமாரியிலிருந்து அந்த டின்னை இறக்கி மேஜைமேல் வைத்துவிட்டேன். மூடியும் திறந்துவிட்டேன். நீங்கள் போடும் அந்த வாசனை. வாட்ச்காரருக்குப் போன் செய்தேன். அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. நேரம் தப்பி அடிக்கிற ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். நான் மூடியைப் போட்டேன். அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீட்டிப்பதானால் நீட்டிக்கொள்ளுங்கள். உங்கள் கையெழுத்து, உங்கள் இஷ்டம். வீட்டில் உங்கள் கைக்கு வேலை இல்லை என்று மட்டும் எழுதாதீர்கள். பிடித்துக்கொள்ள என் கை இருக்கிறது. அதற்கு உங்கள் கை காலியாக இருக்க வேண்டும்.

பூசணி


ஜூன் 18

அன்புள்ள என்னங்க,

இரண்டு படகு வந்து போய்விட்டது. துறைமுகத் தபால் ஜன்னலில் இருக்கும் பெண் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே தலையை ஆட்டிவிடுகிறாள்.

டாக்டர் மறுபடி காலைத் தொட்டுப் பார்த்தார். இடது பெருவிரல் தெரிகிறது. வலது பெருவிரல் பாதி தெரிகிறது. மகள் இப்போது போனை வீட்டிலேயே வைத்துவிட்டு என்னோடு நடக்க வருகிறாள். நேற்று, “அப்பா வரலைன்னா என்னம்மா பண்ணுவே?” என்று கேட்டாள். “நடப்பேன்,” என்றேன்.

நீங்கள் சாப்பிட்டீர்களா? இத்தனை வருடத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை. சமைக்கிறவர்தானே என்று விட்டுவிட்டேன்.

பூசணி


ஜூலை 6

அன்புள்ள பூசணிக்கு,

இரண்டு படகை விட்டுவிட்டேன். பேனாவை எடுப்பேன், அடுப்பைப் பார்ப்பேன், பேனாவை வைத்துவிடுவேன். உன் பெரிய கடிதத்தைப் படித்த அன்று ரொட்டி மொத்தமும் கருகிவிட்டது. இத்தனை வருட வேலையில் முதல் தடவை. கிரேன்காரர் மட்டும் கருகலைச் சுரண்டிவிட்டுச் சாப்பிட்டார்.

இங்கே மருந்து கொடுக்கும் தம்பியிடம் போய் உன் காலைப் பற்றிக் கேட்டேன். “அண்ணி சீக்கிரமே பார்த்துட்டாங்கண்ணே. நிறைய பேர் புண் வந்தப்புறம்தான் பார்ப்பாங்க,” என்றான். அப்புறம், “அண்ணி இப்ப என்ன சாப்பிடறாங்க?” என்று கேட்டான். பார்லி, பீன்ஸ் என்று நீ எழுதியதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. நூற்றைம்பது பேரில் யாருக்கு உப்பு ஆகாது, யாருக்கு மீன் ஆகாது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் பெண்டாட்டி என்ன சாப்பிடுகிறாள் என்று தெரியாமல் ஒரு சின்னப் பையன் முன்னால் நின்றேன்.

எனக்கு உன்மேல் கோபமில்லை, பயம். எனக்குப் பேச வராது. ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு கரண்டி போட்டே பழகிவிட்டேன். நீ தட்டை மறைத்துவிட்டால் அப்புறம் உன்னிடம் எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்று புரியவில்லை. நீ பிரேக்கைத் தேடிக்கொண்டிருந்தபோது நான் இங்கே பிஸ்கட்டுக்கு வெண்ணெய் குழைத்துக்கொண்டிருந்தேன்.

பார்லி வாங்கி வேகவைத்துப் பார்த்தேன். முதல் நாள் கிரேன்காரர், “இது கான்கிரீட்டுக்கா, நமக்கா?” என்று கேட்டார். நாலாவது நாள் கேட்காமல் சாப்பிட்டார். ருசி இன்னும் வரவில்லை. நீ எப்படிச் செய்கிறாய் என்று வந்து உன்னிடம் கற்றுக்கொள்கிறேன். நான் சாப்பிட்டேனா என்று கேட்டிருந்தாய். அந்தக் கடிதம் வந்த அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. அந்த வரியைப் படித்த பிறகு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

நீட்டிப்புக் காகிதத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆகஸ்டின் முதல் படகில் வருகிறேன். டாக்டரிடம் நீ போகும்போது நானும் உடன் இருப்பேன். அவர் சாவியைக் கொடு என்றாலும் இருப்பேன், ஓட்டு என்றாலும் இருப்பேன். ஒரே ஒரு துணிப்பை, அதுவும் தோளில். உனக்கென்று நிரப்பி வைத்திருந்த டின்னைக் கிரேன்காரருக்குக் கொடுத்துவிட்டேன். கையை வீசிக்கொண்டுதான் வருகிறேன். உன் முகத்தைப் பார்க்கிறேன். ‘இளைச்சுட்டியே’ என்று வாய் தவறி வந்துவிட்டால் பொறுத்துக்கொள்.

கடைசி வரிக்கு வந்துவிட்டேன். அந்தப் பெரிய ‘ற’ வயிற்றுக்குப் பொருந்தாது என்றாய். இத்தனை நாள் எழுதிப் பழகிய எழுத்தை விடவும் மனசில்லை. அது வேறு எங்கே பொருந்தும் என்று யோசித்து யோசித்து இப்போதுதான் இடம் கண்டுபிடித்தேன். மருந்துத் தம்பியிடமும் காட்டிவிட்டேன், பிழை இல்லையாம். மகளிடம் சொல், இந்தத் தடவை முழு மதிப்பெண் போடட்டும்.

நான் வரும்வரை மகளோடு, வந்த பிறகு என்னோடு,

காலாற நட.

உன்
கரண்டி