உறை மாட்டாத பூ

பிப்ரவரி 3

மிளகாய்ச் செடிகளில் மொட்டு வந்துவிட்டது. இலைச்சுருட்டை நோயைத் தாங்கும் மரபணுவை நான் புகுத்திய செடிகள். இரண்டு வருடத்தில் பிழைத்தவை இவ்வளவுதான். இவற்றின் விதை கையில் கிடைத்தால்தான் எனக்குப் பட்டம்.

ஒவ்வொரு மொட்டுக்கும், விரியும் முன்னே காகித உறை மாட்ட வேண்டும். உறையில்லாமல் ஒரே ஒரு பூ விரிந்தாலும், மகரந்தம் வெளியே போயிருக்கும் என்று எல்லாச் செடியையும் எரித்துவிடுவார்கள். தினமும் இலை இலையாகப் புரட்டிப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 6

அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அம்மா போனில் அழவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

செடிகளை ஒட்டகத்திடம் ஒப்படைத்தேன். என்னோடு படிக்கும் நெட்டையன்தான். "நீ முதல்ல கிளம்பு. உன் செடிய நான் பாத்துக்கறேன்" என்றான்.

பிப்ரவரி 8

அப்பா கண் திறந்தார். வாயைத் திறந்ததும், "பூக்கற நேரத்துல எதுக்கும்மா வந்தே?" வெளியே போய் அழுதேன்.

பிப்ரவரி 11

பாவி! ஒரு மொட்டு இலைக்கு அடியில் ஒளிந்திருந்ததாம். காலையில் பார்த்தால் விரிந்திருந்ததாம். கிள்ளி எறிந்துவிட்டுப் பேசாமல் இருந்தால் யாருக்குத் தெரியும்? நேரே என் கைடு மேடத்திடம் போய்ச் சொல்லியிருக்கிறான். எதுக்குடா சொன்னே என்று போனில் கத்தினேன்.

"பாத்துட்டேனே" என்கிறான்.

பெரிய உத்தமன்! என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு —

பிப்ரவரி 14

திரும்பி வந்து, செடிகளை நானே எரியுலைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு இலைகூடச் சுருண்டிருக்கவில்லை. ஒட்டகம் பக்கத்தில் நின்றான். நான் முகம் கொடுக்கவில்லை.

பிப்ரவரி 20

நானாக இருந்தால் கிள்ளி எறிந்திருப்பேனா?

எறிந்திருப்பேன். சத்தியமாக எறிந்திருப்பேன். அந்த மகரந்தம் யார் தோட்டத்துக்குப் போயிருக்கும் என்று இத்தனை நாளில் ஒரு தடவையாவது யோசித்தேனா?

மார்ச் 2

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். போனில் முதல் கேள்வியே, "விதை எடுத்துட்டியாம்மா?"

"செடி போச்சுப்பா. திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"என்னாலதானே?"

"இல்லப்பா. அந்தப் பூவுக்கு அவசரம்."

சிரித்தார் என்று நினைக்கிறேன்.

மார்ச் 9

மேடம் இன்னும் ஒரு வருடம் அவகாசம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். "நீ இல்லாத நாள்ல செடிய யாரு பாத்துப்பா?" என்று கேட்டார். ஒட்டகம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அவன்தான், மேடம்" என்றேன்.