போய்ச் சேராத பட்டியல்

மச்சான்,

நேற்று உன் ஆபீஸ் கம்ப்யூட்டர் எங்கள் ரிப்பேர் கடைக்கு வந்தது. தோட்டத்துக்குப் புது மெஷின்கள் கொடுத்துவிட்டார்களாம். பழையதில் இருப்பதை அழித்துவிடச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மூடியைக் கழற்றியதும் தேயிலைத் தூசி வாசம் மேசை முழுக்கப் பரவியது. பதுளை டவுனில் இருந்தவன் ஒரு கணம் நமுனுகுலவில், ஃபெக்டரிக்குப் பக்கத்தில், உன் ஆபீஸில் நின்றேன்.

அழிப்பதற்கு முன் ஒருதரம் இயக்கிப் பார்த்தேன். பட்டியல், பட்டியல் இரண்டு, பட்டியல் மூன்று என்று ஏழு வரைக்கும் நீ சேமித்து வைத்திருந்தாய். ஒவ்வொன்றும் வேறொரு குடும்பத்தின் பெயர்வரை வந்து பாதியில் நின்றிருந்தது.

கொழும்பு ஹெட் ஆபீஸ் எல்லாத் தோட்டங்களுக்கும் ஒரே அன்டிவைரஸ் போட்ட பிறகுதான் உன் தொல்லை ஆரம்பித்தது. பெரிய கம்பெனிகளுக்கென்றே செய்தது அது. உன் மெஷினில் இருந்ததோ இரண்டு ஜீபி ரேம். அதில் முக்கால்வாசியை அதுவே எடுத்துக்கொண்டது. காலை பத்து மணிக்கு ஸ்கேன் தொடங்கினால் மவுஸ்கூட நகராது. நிறுத்துவதற்கு பாஸ்வேர்ட் வேண்டும். அது கொழும்பில் இருந்தது. எது எவ்வளவு மெமரி தின்கிறது என்று நான் திரையில் காட்டியபோது நீ சிரித்தாய்.

"வீடு பூரா காவக்காரனே படுத்துக்கிட்டா நாங்க எங்கடா படுக்கிறது?"

மூன்று தடவை ஹெட் ஆபீஸுக்கு எழுதினாய். பாதுகாப்பு விதியை ஒரு தோட்டத்துக்காக மாற்ற முடியாது என்று மூன்று தடவையும் பதில் வந்தது.

அப்புறம் அரசாங்கம் கேட்ட அந்தப் பட்டியல். மண் சரியக்கூடிய இடத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், இருக்கிற குடும்பங்களின் விபரத்தை, சுவர் வெடிப்புகளின் படங்களோடு, இணையத்தில் பதியச் சொன்னார்கள். வேறு இடத்தில் வீடு கொடுப்பதற்காக. உன் லயமும் அதில் இருந்தது. நீ படங்களை ஏற்ற ஏற்ற, அன்டிவைரஸ் ஒவ்வொன்றையும் சோதிக்கப் போய் மெஷின் அப்படியே நின்றது. கடைசித் தேதிக்கு நாலு நாள் இருக்கும்போது எனக்குப் போன் எடுத்தாய்.

"மச்சான், மறுபடியும் நின்னுபோச்சு. சைட்ல முப்பது குடும்பம் போட்டிருந்தேன், பூரா போயிருச்சு. கொஞ்சம் வந்துட்டுப் போறியா?"

"எல்ல டவுன்ல ஒரு ஹோட்டல்ல கம்ப்யூட்டர் வேல இருக்குடா. முடிச்சிட்டு வர்றேன்."

என் மேசையில் பழைய ரேம் ஒன்று சும்மா கிடந்தது. அதைப் போட்டிருந்தால் ஓடியிருக்கும். மெஷினில் ஹெட் ஆபீஸ் ஒட்டிய சீலை உடைக்கக்கூடாது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். மழையில் அந்த ரோட்டில் ஏற மனமில்லை, அவ்வளவுதான். எல்ல வேலை அன்று மத்தியானமே முடிந்துவிட்டது. அதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

கடைசி நாள் எல்லாவற்றையும் கையால் எழுதி, பஸ்ஸில் பதுளையில் அரசாங்க ஆபீஸுக்குக் கொண்டுவந்தாய். நானும் கூட வந்தேன். கவுண்டரில் இருந்த அம்மா தன்மையாகத்தான் பேசினார்.

"சிஸ்டத்துல இல்லாதத நாங்க எடுக்க ஏலாது தம்பி. வச்சிட்டுப் போங்க, பாப்போம்."

திரும்ப பஸ் ஏறும்போது, "அறுபத்திரெண்டு குடும்பம்டா" என்றாய்.

மலை சரிந்து இறங்கிய அன்று விடியவிடிய மழை. மத்தியானம் மேலே சத்தம் கேட்டதும், மனைவியையும் மகளையும் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, நடக்க முடியாத பக்கத்து வீட்டு ஐயாவைத் தூக்கிவரத் திரும்பிப் போனாய். மறுநாள் உங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகவே எடுத்தார்கள். அவர் உன் முதுகில் இருந்தார்.

காரியம் முடிந்த அன்று உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லயில் வேலை சீக்கிரம் முடிந்ததை, ரேம் கிடந்ததை, நான் வராததை. திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் மகளின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"லிஸ்ட் போயிருந்தா மட்டும் வீடு குடுத்திருப்பாங்களாண்ணே?"

அதற்குப் பதில் போன மாதம்தான் தெரிந்தது. மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்கு ஒரு பிரிண்டர் பார்க்கப் போனேன். அவர்களுடைய பட்டியல் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பதிவு எண் வந்த கடிதத்தை அங்கே கிளார்க் எடுத்துக் காட்டினார். சனங்கள் இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறார்கள். சுவர் வெடிப்புக்குள் என் கை நுழைந்தது. மேகம் கறுத்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விடுவோம் என்றாள் ஒரு பெண்.

அதைக் கேட்டபோது எனக்கு ஆறுதலாக இருந்தது, மச்சான். அத்தனை பேர் அந்தச் சுவர்களுக்குள் இருக்க, நான் வந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று மனசு லேசாகிவிட்டது. ரோட்டுக்கு இறங்கி வருவதற்குள் அந்த ஆறுதல் போய்விட்டது. அப்படி ஆறுதல் பட்டேனே என்பது மட்டும் போகவில்லை. இதை உன்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது.